தூரத்து அக்கா

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிந்துவிட்டது. மகள் தேறிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மறுநாளே ஒரு கேள்வி வந்துவிடும். அடுத்து என்ன?

பி.யூ.சி. சேர்க்கலாமா? ஐ.டி.ஐ.யில் தொழில் கற்கலாமா? டிப்ளமா படிக்கலாமா? நர்சிங் படிக்க எந்தப் பாடம் எடுக்க வேண்டும்? உதவித்தொகை கிடைக்குமா? யாரிடம் கேட்பது?

பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பூக்கட்டுவோர், கட்டட வேலை செய்வோர், வீட்டு வேலைக்குச் செல்வோர் பலர் இருக்கிறார்கள். பல வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டும் முதல் ஆள் அந்த வீட்டுப் பிள்ளைதான். அடுத்த படியைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

அப்போது ஒருவர் சொல்கிறார்: "ஒரு திட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் நடத்துகிறார்கள். வாரம் ஒரு நாள் செல்போனில் ஓர் அக்கா உங்கள் மகளோடு பேசுவார். வழி சொல்வார். பணம் கட்ட வேண்டாம்."

நல்ல செய்திதான். ஆனால் அந்த அக்கா யார்? பணத்தை யார் கொடுக்கிறார்கள்? எத்தனை நாள் பேசுவார்? இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

வழிகாட்டி என்பவர் யார்?

வழிகாட்டி ஆசிரியர் அல்ல. பாடம் நடத்த மாட்டார். தேர்வு வைக்க மாட்டார். மதிப்பெண் போட மாட்டார். அவர் பிள்ளையைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். படித்து முடித்து ஒரு வேலையில் இருப்பவர். பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். விண்ணப்பம் நிரப்ப உதவுவார். பயந்தால் தைரியம் சொல்வார். ஆங்கிலத்தில் இவரை "மென்டார்" என்பார்கள்.

நம் ஊர்களில் இது புதிது அல்ல. தெருவில் முதலில் கல்லூரி போன பெண்ணைத் தேடித்தானே எல்லோரும் போவார்கள்? "அக்கா, இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பார்கள். அந்த அக்காவின் வேலைதான் இது. இப்போது அக்கா தூரத்தில் இருக்கிறார். வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெங்களூரில் இந்தப் பணி

"மென்டார் டுகெதர்" என்ற அமைப்பு 2009-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அருந்ததி குப்தா. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவைப்பது இதன் வேலை. முதலில் நேரில் சந்தித்துப் பேசினார்கள். பிறகு செல்போன் வழியாகப் பேச "மென்டார் டு கோ" என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள்.

"இ-வித்யாலோகா" என்பது பெங்களூரின் இன்னோர் அமைப்பு. 2011-இல் தொடங்கியது. இதில் தொண்டர்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாகக் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள்.

ஆகவே தூரத்தில் இருந்து பிள்ளைகளுக்குத் துணை செய்ய முடியும். அதைப் பெங்களூர் ஏற்கெனவே கண்டிருக்கிறது.

வெளிநாடு போய்வந்தவர்கள்

ஒரு நாட்டு மாணவரும் ஆசிரியரும் கலைஞரும் மற்ற நாட்டுக்குப் போகிறார்கள். சில மாதமோ சில ஆண்டோ தங்குகிறார்கள். படிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள். பிறகு ஊர் திரும்புகிறார்கள். அந்த நாட்டவரும் இப்படியே இங்கு வருகிறார்கள். இதற்குப் பரிமாற்றத் திட்டம் என்று பெயர்.

இவற்றில் பெயர் பெற்றது புல்பிரைட் திட்டம். இது தொடங்கிய கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. அமெரிக்கப் படையின் பொருள்கள் பல நாடுகளில் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை விற்று வரும் பணத்தில் மாணவர்களைப் படிக்க அனுப்பலாம் என்று புல்பிரைட் என்ற அமெரிக்க செனட்டர் யோசனை சொன்னார். 1946-இல் அது சட்டமானது. போருக்கு வாங்கிய பொருள் படிப்புக்குப் பயன்பட்டது.

இந்தியா 1950 பிப்ரவரி 2 அன்று இதற்கான ஒப்பந்தம் செய்தது. 2008-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்தியாவும் செலவில் சம பங்கு ஏற்றது. திட்டத்துக்குப் புல்பிரைட்-நேரு என்று பெயர் வைத்தார்கள்.

கர்நாடகத்தில் இருந்து போனவர்களில் இருவரைப் பார்ப்போம். ஏ.கே. ராமானுஜன் 1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1959-இல் புல்பிரைட் உதவியில் அமெரிக்கா போனார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். நம் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகம் அறியச் செய்தார்.

மற்றவர் நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட். 1987-இல் புல்பிரைட் உதவியில் அதே சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். ராமானுஜன் அவருக்குக் கர்நாடகத்து நாட்டுப்புறக் கதைகளைச் சொல்லியிருந்தார். அவற்றில் இரண்டை வைத்து "நாகமண்டலம்" என்ற புகழ்பெற்ற நாடகத்தைக் கர்னாட் எழுதினார். முன்னே போனவர் பின்னே வந்தவருக்குக் கொடுத்தார். வழிகாட்டும் பணியும் இதைப் போன்றதுதான்.

திரும்பி வந்தவர்களுக்கு ஒரு நிதி

போய்வந்தவர் தான் கற்றதைத் தனக்குள் வைத்துக்கொண்டால் போதுமா? ஊருக்கும் பயன்பட வேண்டாமா? இதற்காக அமெரிக்க அரசு 2011-இல் ஒரு நிதியைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் ஏ.இ.ஐ.எப். பரிமாற்றத் திட்டங்களில் போய்வந்தவர்கள் தங்கள் ஊரில் ஒரு நல்ல வேலை செய்ய இது பணம் கொடுத்தது.

2024-ஆம் ஆண்டு அறிவிப்பில் ஒரு வேலைக்கு 5,000 முதல் 35,000 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள். போய்வந்தவர் குறைந்தது இருவர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இன்ன வேலை, இன்ன செலவு, இத்தனை பேருக்குப் பயன் என்று முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கக் குடிமக்களாக உள்ள போய்வந்தோருக்குத் தனியாக ஒரு நிதி இருந்தது. அதில் 10,000 டாலர் வரை கொடுத்தார்கள்.

ஏ.இ.ஐ.எப். பணத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. நமக்குத் தெரிய வேண்டியவை இவை:

- ஊழியருக்குச் சம்பளமும் அலுவலக வாடகையும் தரக் கூடாது.
- பரிசுப் பொருள் வழங்கக் கூடாது.
- தனி ஆளுக்குப் படிப்பு உதவித்தொகை தரக் கூடாது.
- மதப் பிரசாரமும் கட்சி வேலையும் கூடாது.
- சேருகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

கடைசி வரியை நன்றாக நினைவில் வையுங்கள். இந்த நிதியில் நடக்கும் வேலைக்கு என்று சொல்லி யாராவது 500 ரூபாய் கேட்டால் அது தவறு.

நம் நாட்டுச் சட்டமும் உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். அல்லது முன் அனுமதி பெற வேண்டும். 2020-இல் சட்டத்தை இறுக்கினார்கள். பணம் முதலில் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 100-க்கு 20-ஐத் தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 பெண் பிள்ளைகளுக்கு ஓராண்டு வழிகாட்ட எவ்வளவு செலவாகும்? இது நாம் போடும் மாதிரிக் கணக்கு.

- செல்போன் ரீசார்ஜ்: ஒருவருக்கு மாதம் 300 ரூபாய். 100 பேருக்கு 12 மாதம். 3,60,000 ரூபாய்.
- வழிகாட்டிகளுக்குப் பயிற்சி: 60,000 ரூபாய்.
- நேரில் கூடும் மூன்று கூட்டங்கள்: ஒன்றுக்கு 25,000 வீதம் 75,000 ரூபாய்.
- பயிற்சி நோட்டு: ஒன்று 100 ரூபாய் வீதம் 10,000 ரூபாய்.

மொத்தம் 5,05,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு 5,050 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 421 ரூபாய். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு ஏறக்குறைய 5,940 டாலர்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? வழிகாட்டிக்குச் சம்பளம் என்று ஒரு வரி இல்லை. அவர் தன் நேரத்தைச் சும்மா தருகிறார். பணம் போனுக்கும் பயிற்சிக்கும்தான். பிள்ளைக்கு உண்மையில் உதவுவது அந்த நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செலவில் 100-க்கு 71 ரூபாய் ரீசார்ஜுக்கே போகிறது. நிதி நின்றால் ரீசார்ஜ் நிற்கும். ரீசார்ஜ் நின்றால் பேச்சு நிற்கும்.

பணம் நின்றால்?

இப்படிப்பட்ட நிதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். பிறகு பணம் வராது. சில நேரம் ஆண்டு முடியும் முன்பே நிற்பதும் உண்டு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகள் பலவற்றைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. பரிமாற்றத் திட்டங்களுக்கான பணமும் தடைபட்டது. தூரத்து நாட்டின் முடிவை நம் தெரு மாற்ற முடியாது. ஆனால் அப்படி நடந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசிக்க முடியும்.

ஏன் யோசிக்க வேண்டும்? அமெரிக்காவில் "பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்" என்ற பழைய அமைப்பு இருக்கிறது. பெரிய அண்ணன்கள், பெரிய அக்காக்கள் என்று பொருள். அங்கே 10 முதல் 16 வயதுள்ள 959 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். முடிவு 1995-இல் வந்தது. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள், கிடைக்காதவர்களைவிடப் பாதிக்கும் குறைவு.

அதே பிள்ளைகளின் விவரங்களை மறுபடியும் ஆராய்ந்து 2002-இல் இன்னொரு முடிவு சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் துணை கிடைத்த பிள்ளைகளுக்கு நன்மை மிகுதி. மூன்று மாதத்துக்குள் துணை அறுந்துபோன பிள்ளைகள் முன்பைவிடத் தங்களையே தாழ்வாக நினைத்தார்கள்.

இது முக்கியமான செய்தி. வழிகாட்டி வராமலே இருந்திருந்தால் பிள்ளை அவரை எதிர்பார்த்திருக்க மாட்டாள். வந்து, பழகி, சொல்லாமல் நின்றுவிட்டால், "என்னைப் பிடிக்கவில்லை போலும்" என்று நினைப்பாள். பெரியவர்கள் "நிதி முடிந்தது" என்று கணக்கை மூடுவார்கள். பிள்ளையின் மனதில் அது மூடாது.

ஆகவே தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்: "எத்தனை நாள் இருப்பீர்கள்?"

ஒரு தாய் கேட்கிறார்

மகளிர் சங்கக் கூட்டத்துக்குத் திட்டம் நடத்தும் ஓர் இளம்பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூ விற்கும் ஒரு தாய் கேட்கிறார்.

"என் பொண்ணுகூட எத்தனை நாள் பேசுவீங்கம்மா?"

"ஓராண்டு பேசுவோம்மா. வாரத்துக்கு ஒரு மணி நேரம்."

"அப்புறம்?"

"நிதி ஓராண்டுக்குத்தாம்மா. அதுக்கு மேல..."

"நிதியைக் கேக்கலம்மா. உங்களைக் கேக்கறேன். இப்ப அவ எஸ்.எஸ்.எல்.சி. பி.யூ.சி. ரெண்டு வருஷம். நடுவில விட்டா அவ மனசு ஒடிஞ்சு போவா."

இளம்பெண் சற்று யோசிக்கிறார். "நீங்க கேக்கறது சரிதாம்மா. வீடியோ காலுக்குப் பணம் இல்லைன்னா சாதாரண போன்ல பேசலாம். மாசம் ரெண்டு தடவையாவது பேசணும்னு வழிகாட்டிங்ககிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கறோம். முடியாதுங்கறவங்களைச் சேக்கறதில்லை."

"நிறுத்தற மாதிரி வந்தா?"

"ஒரு மாசம் முன்னாடியே உங்ககிட்டயும் பொண்ணுகிட்டயும் சொல்லிடுவோம். கடைசியா ஒரு தடவை பேசிட்டுத்தான் முடிப்போம்."

"அதை எழுதிக் குடுங்கம்மா. எனக்கு இப்பப் படிக்கத் தெரியும்."

அந்தத் தாய் கேட்டதில் தவறு உண்டா? இல்லை. அவர் கேட்டதால் திட்டம் இன்னும் நன்றாக நடக்கும்.

பாதுகாப்பு

செல்போனில் நல்லவரும் வருவார், கெட்டவரும் வருவார். ஆகவே சில விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

1. வழிகாட்டியின் பெயர், வேலை, அடையாள அட்டை ஆகியவற்றைத் திட்டம் நடத்துவோர் சரிபார்த்திருக்க வேண்டும். அதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.
2. பெண் பிள்ளைக்குப் பெண் வழிகாட்டியே வேண்டும் என்று கேட்கலாம்.
3. முதல் பேச்சில் தாயோ தந்தையோ உடன் இருக்க வேண்டும்.
4. பேசும் நாளும் நேரமும் முன்பே தெரிய வேண்டும். இரவு நேரப் பேச்சு வேண்டாம்.
5. "இதை வீட்டில் சொல்லாதே" என்று வழிகாட்டி சொன்னால் உடனே நிறுத்த வேண்டும்.
6. படம் அனுப்பச் சொன்னாலோ, தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டாலோ, திட்டம் நடத்துவோரிடம் உடனே புகார் செய்ய வேண்டும்.
7. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், செல்போனுக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றை வழிகாட்டிக்குச் சொல்லக் கூடாது.

பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணம் இல்லை. இணையம் வழியாகப் பணம் மோசம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

விதிகள் இருக்கின்றன என்று பயந்து மகளிடம் இருந்து போனைப் பிடுங்கிவிடாதீர்கள். வீட்டில் ஒரே போன் இருந்தால் பல நேரம் அது மகன் கைக்குத்தான் போகிறது. வாரம் ஒரு மணி நேரம் மகளுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

கேட்பது நம் உரிமை

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி உண்டு. மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். பிள்ளைக்குச் சரி அல்ல. இலவசமாக வந்தாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்க வேண்டும்.

நல்ல திட்டம் கேள்விக்குப் பயப்படாது. பதில் தெளிவாக வந்தால் மகளைச் சேருங்கள். வாரம் ஒரு முறை, "அக்கா என்ன சொன்னாங்க?" என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வாள். நமக்கும் ஒரு புதிய செய்தி கிடைக்கும். தூரத்து அக்கா ஒருநாள் நின்றாலும் வீட்டில் தொடங்கிய இந்தப் பேச்சு நிற்காது.

புதிய சொற்கள்

வழிகாட்டி - வழி சொல்லித் துணை நிற்பவர்
பரிமாற்றம் - ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல்
நிதி - ஒரு வேலைக்கென ஒதுக்கிய பணம்
ஒப்பந்தம் - இரு தரப்பும் ஏற்றுக் கையெழுத்திட்ட உடன்பாடு

விடை சொல்லுங்கள்

1. வழிகாட்டிக்கும் ஆசிரியருக்கும் என்ன வேறுபாடு?
2. புல்பிரைட் திட்டத்துக்கு முதலில் பணம் எங்கிருந்து வந்தது?
3. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு எங்கே பதிவு செய்ய வேண்டும்?
4. மூன்று மாதத்துக்குள் துணை அறுந்துபோனால் பிள்ளைக்கு என்ன ஆகிறது?
5. 1098, 1930 ஆகிய எண்கள் எதற்கு?

செய்து பாருங்கள்

1. 50 பிள்ளைகளுக்கு மாதம் 300 ரூபாய் வீதம் ஓராண்டு ரீசார்ஜுக்கு எவ்வளவு ஆகும்? கணக்குப் போடுங்கள்.
2. உங்கள் தெருவில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் யார் பக்கத்து வீட்டு அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்க முடியும்? சங்கத்தில் பேசுங்கள்.
3. திட்டம் நடத்துவோரிடம் நீங்கள் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.